வாசல் கதவுக்கு ஆசாரியா, நாமேவா? முதல்முறை கதவு மாற்றுபவர்களுக்கு

அறைக் கதவு வேலை பாதியில் நின்றால் ஒரு துணியைத் தொங்கவிட்டு நாலு நாள் ஓட்டிவிடலாம். வெளிக்கதவில் அது நடக்காது. காலையில் பழைய கதவைக் கழற்றினால், பொழுது சாய்வதற்குள் புதியதை மாட்டி, தாழ்ப்பாள் போட்டு, பூட்டிப் பார்த்துவிட வேண்டும். அதனால் ஆசாரியைக் கூப்பிடுவதா நாமே செய்வதா என்று கேட்பவர்களிடம் நான் முதலில் கூலிக் கணக்கைப் பேசுவதில்லை. ‘இதை ஒரே பகலில் முடிக்க உங்களால் முடியுமா?’ என்றுதான் கேட்பேன். முடியும் என்று உறுதியாகத் தெரிந்தால் இறங்கலாம். சந்தேகம் இருந்தால் ஆசாரிக்குச் சொல்லிவிடுவதே நல்லது.

நாமே செய்தால் காசு மிச்சம் என்று நினைத்து இறங்குகிறவர்கள் கொஞ்சம் ஏமாறுவார்கள். ஒரு கதவுக்காக டிரில், உளி, இழைப்புளி, ரசமட்டம் என்று எல்லாவற்றையும் புதிதாக வாங்கினால் ஆசாரிக்குக் கொடுக்கும் கூலியைத் தாண்டிப் போய்விடும். ஆனால் வேறொரு நிஜமான காரணம் இருக்கிறது. ஒரே ஒரு கதவு என்றால் ஆசாரி கிடைப்பதே பெரும்பாடு. பத்துக் கதவு, சமையலறை அலமாரி என்று பெரிய வேலையில் இருப்பவர் நம் கொல்லைக் கதவுக்காக ஒரு நாளை ஒதுக்க மாட்டார். ‘நாளைக்கு வரேன்’ என்பது மூன்று வாரமாகும். அதற்குள் மழை வந்துவிடும். இந்தக் காத்திருப்புதான் என்னை உளியைக் கையில் எடுக்க வைத்தது.

இங்கே நான் சொல்வது தமிழ்நாட்டில் பரவலாக இருக்கிற அமைப்புக்குப் பொருந்தும். செங்கல் அல்லது பிளாக் சுவர், மர நிலை, உள்பக்கம் திறக்கும் கதவு. அடுக்குமாடியில் இருப்பவர்கள், கதவின் வெளிப்பக்கத் தோற்றத்தை மாற்றுவதற்கு முன் சங்கத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். வாடகை வீடென்றால் உரிமையாளரிடம் கேட்க வேண்டும்.

நிலை வேறு, கதவு வேறு

‘கதவு வைக்கணும்’ என்று ஒரே வார்த்தையில் சொன்னாலும் இதில் இரண்டு வேலைகள் இருக்கின்றன. ஒன்று நிலை வைப்பது, வாசக்கால் என்று சொல்வோமே அது. இன்னொன்று அந்த நிலையில் கதவைக் கீல் போட்டு மாட்டுவது. முன்னது பாதி ஆசாரி வேலை, பாதி கொத்தனார் வேலை. பின்னது முழுக்க மர வேலை.

நிலை வைக்கும் வேலையில் புதியவர்கள் இறங்க வேண்டாம் என்பது என் உறுதியான எண்ணம். நிலை தூக்குக்குண்டுக்கு நேராக நிற்க வேண்டும். நிலையைச் சுவரோடு பிணைக்கும் ஹோல்ட்பாஸ்ட் என்ற இரும்புப் பட்டைகள் சுவருக்குள் கான்கிரீட்டில் பிடிக்க வேண்டும். மேலே சுவரின் பாரத்தைத் தாங்கும் லிண்டல் இருக்கிற சுவரை உடைத்துப் பழைய நிலையை எடுப்பது இன்னும் ஆபத்தானது. இதில் தப்பு நடந்தால் இழைத்தோ திருகியோ சரிசெய்ய முடியாது. சுவரைத்தான் மறுபடி உடைக்க வேண்டும். ஒரே பகலில் முடிகிற வேலையும் இல்லை, கான்கிரீட் இறுகவே நாளாகும்.

தலைவாசல் கதவையும் நான் ஆசாரியிடம்தான் விடுவேன், நிலை நன்றாக இருந்தாலும்கூட. 7 அடி உயரம், மூன்றரை அடி அகலம், ஒன்றரை அங்குலக் கனம் என்று தேக்கில் செய்த கதவு மூன்று கன அடி மரம். எடை 50 கிலோவைத் தாண்டும். ஒரு சிமெண்ட் மூட்டையைக் கீலுக்கு நேராக, மில்லிமீட்டர் பிசகாமல் பிடித்துக்கொண்டு நிற்பதை நினைத்துப் பாருங்கள். அதோடு மரத்தின் விலை. உளி ஒரு தடவை வழுக்கினால் வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோர் கண்ணிலும் அந்த வெட்டு படும்.

நாமே செய்யத் தோதானவை கொல்லைக் கதவும் மொட்டைமாடிக் கதவும். அகலம் இரண்டரை அல்லது மூன்று அடிதான். ஃப்ளஷ் கதவோ (இரண்டு முகத்திலும் பிளை ஒட்டிய சமதளக் கதவு), டபிள்யூபிசி கதவோ (மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்து செய்தது) போட்டால் பெரும்பாலும் 25 முதல் 35 கிலோவுக்குள் இருக்கும். உடன் ஒருவர் இருந்தால் போதும். இந்த இரண்டு கதவுகள்தான் சீக்கிரம் கெட்டுப்போவதும். மாடிக் கதவு வருஷம் முழுக்க வெயிலையும் மழையையும் நேராக வாங்குகிறது. கொல்லைக் கதவின் அடிப்பாகம் பாத்திரம் கழுவுகிற, துணி துவைக்கிற தண்ணீரில் ஊறுகிறது.

பழைய நிலை தாங்குமா?

கடைக்குப் போவதற்கு முன்னால் நிலையைச் சோதியுங்கள். இதற்கு அரை மணி நேரம் போதும். இதைச் செய்யாமல் கதவு வாங்கிவந்து தலையில் கை வைத்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

பழைய கதவைப் பாதி திறந்து கையை எடுத்துவிடுங்கள். விட்ட இடத்தில் நின்றால் நல்லது. காற்றில்லாமலே தானாக மூடினாலோ திறந்தாலோ கீல் இருக்கிற நிலைக்கால் நேராக இல்லை, அல்லது கீல்கள் ஒரே கோட்டில் இல்லை. தூக்குக்குண்டைக் காலின் முன்முகத்திலும் பக்கமுகத்திலும் தொங்கவிட்டுப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும்.

அடுத்தது கயிறு. நிலையின் மேல் இடது மூலையிலிருந்து கீழ் வலது மூலைக்கு ஒரு நூல், மேல் வலதிலிருந்து கீழ் இடதுக்கு இன்னொரு நூல் என்று குறுக்காக இழுத்துக் கட்டுங்கள். இரண்டு நூலின் நீளமும் ஒன்றாக இருந்தால் நிலையின் மூலைகள் செங்கோணமாக இருக்கின்றன. நடுவில் இரண்டும் லேசாகத் தொட்டுக்கொண்டால் நிலையில் முறுக்கு இல்லை. ஒன்று முன்னாலும் ஒன்று பின்னாலும் விலகி நின்றால் நிலை முறுக்கிக்கொண்டிருக்கிறது. முறுக்கிய நிலையில் எவ்வளவு நல்ல கதவைப் போட்டாலும் ஒரு மூலை ஒட்டும்போது இன்னொரு மூலை துருத்திக்கொண்டு நிற்கும். நீள வித்தியாசம் 3 மி.மீ. வரை என்றால் கதவை இழைத்துச் சமாளிக்கலாம். அரை அங்குலம் என்றால் ஆசாரியைக் கூப்பிடுங்கள்.

கடைசியாக, ஒரு ஸ்க்ரூடிரைவரை எடுத்து இரண்டு காலின் அடியிலும் தரையிலிருந்து ஒரு அடி உயரம் வரை குத்திப் பாருங்கள். மேலே பெயிண்ட் பளபளப்பாக இருக்கும், உள்ளே கரையான் கூடாக்கியிருக்கும். முனை சுலபமாக உள்ளே இறங்கினாலோ, தட்டும்போது பொத்தென்று சத்தம் வந்தாலோ அந்த நிலை புதுக் கதவைத் தாங்காது. சுவரும் நிலையும் சேரும் இடத்தில் மண் கோடு தெரிந்தால் முதலில் கரையானுக்கு மருந்தடித்துவிட்டு அப்புறம் மற்றதை யோசிக்கலாம்.

அளவு எடுப்பது

பழைய கதவை அளந்து அதே அளவுக்குப் புதுக் கதவு வாங்குவதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு. பழைய கதவு பத்து வருஷத்தில் பலமுறை இழைக்கப்பட்டிருக்கும். நிலையைத்தான் அளக்க வேண்டும்.

கதவு மூடும்போது வந்து உட்காருவதற்காக நிலையில் வெட்டியிருக்கும் பள்ளத்தை ஆசாரிகள் ரிபேட் என்பார்கள். அந்தப் பள்ளத்துக்குள் அளவெடுங்கள். அகலத்தை மேலே, நடுவில், கீழே என்று மூன்று இடத்திலும், உயரத்தை இடது வலது இரண்டு பக்கத்திலும் எடுக்க வேண்டும். அகலத்தில் எது குறைவோ அதுதான் கணக்கு, உயரத்திலும் அப்படியே. பள்ளத்தின் ஆழத்தையும் குறித்துக்கொள்ளுங்கள், கதவின் கனம் அதற்கு ஒத்துவர வேண்டும். 30 மி.மீ. பள்ளத்தில் 35 மி.மீ. கதவு போட்டால் 5 மி.மீ. உள்பக்கம் துருத்தும். தாழ்ப்பாள் சரியாக உட்காராது.

இந்த அளவிலிருந்து இடைவெளியைக் கழிக்க வேண்டும். மரக் கதவு, ஃப்ளஷ் கதவு என்றால் இரண்டு பக்கமும் 3 மி.மீ., மேலே 3 மி.மீ. விடுவேன். டபிள்யூபிசி ஈரத்தில் உப்பாது, ஆனால் வெயிலில் கொஞ்சம் விரியும். மாடிக் கதவுக்கு அதைப் போட்டால் பக்கத்துக்கு 4 மி.மீ. விடுவது நல்லது. கீழே வாசற்படி இருந்தால் 5 மி.மீ. போதும். படி இல்லாத இடத்தில் தரையைப் பார்த்து முடிவு செய்யுங்கள். பழைய தரைக்கு மேலேயே புது டைல்ஸ் ஒட்டிய வீடுகளில் கதவு திறக்கும் பாதையில் தரை ஓரிடத்தில் மேடாக இருக்கும். கதவு சுற்றும் பாதை முழுக்க ரசமட்டத்தை வைத்துப் பார்த்துவிடுங்கள்.

எந்த மாதத்தில் அளக்கிறோம் என்பதும் முக்கியம். மரம் ஈரத்தை இழுத்தால் குறுக்கே, அதாவது அகலத்தில்தான் விரியும். நீளவாக்கில் மாற்றம் பெயருக்குத்தான் இருக்கும். எங்கள் மாடியில் ஒருமுறை மரக் கதவைச் சித்திரை வெயிலில் இறுக்கமாக, அழகாகப் பொருத்தி வைத்தேன். ஐப்பசி மழையில் அது உப்பி நிலையோடு ஒட்டிக்கொண்டது. தோளால் இடித்துத் திறக்க வேண்டியிருந்தது. பொறுமையில்லாமல் மழையிலேயே இழைத்தேன். தை மாதம் காய்ந்ததும் விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி வந்துவிட்டது. ஆகவே கோடையில் மாட்டினால் தாழ்ப்பாள் பக்கம் ஒரு மில்லிமீட்டர் கூடுதலாக விடுங்கள். மழைக்காலத்தில் ஒட்டினால் உடனே இழைக்காமல், ஒட்டும் இடத்தைப் பென்சிலால் குறித்து வைத்துக்கொண்டு ஈரம் போகும்வரை பொறுங்கள்.

என்ன வாங்க வேண்டும்

ஃப்ளஷ் கதவென்றால் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐ.எஸ். 2202 என்ற எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். நீர் தாங்கும் பசையில் ஒட்டியது என்று கேட்டு வாங்க வேண்டும். உள் அறைக்கான சாதாரண வகையை வெளியே மாட்டினால் இரண்டு மழையில் பிளை உரியும். அளவு சொல்லி ஆர்டர் கொடுக்க முடிந்தால் அதுவே நல்லது. ஃப்ளஷ் கதவின் ஓரத்தில் ஓடும் கட்டி மரச் சட்டத்தை அதிகமாக அறுத்துவிட்டால் உள்ளிருக்கும் துண்டு மரங்கள் வெளியே தெரிந்து தண்ணீர் புகும். டபிள்யூபிசியை எங்கே வேண்டுமானாலும் அறுக்கலாம், கரையானும் அண்டாது. ஆனால் அது மரத்தைப் போலத் திருகைப் பிடிக்காது. விளிம்புக்கு மிக அருகில் திருகு போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கீல் மூன்று வேண்டும். கொல்லைக் கதவுக்கு 4 அங்குலம் போதும், தலைவாசலுக்கு 5 அங்குலம். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், 304 தரம் என்று கேளுங்கள். கீலை நல்லதாக வாங்கிவிட்டு திருகை மட்டும் சாதாரண இரும்பில் போடுவது வழக்கமாகிவிட்டது. சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி என்று கடல்காற்று வீசும் ஊர்களில் அந்தத் திருகுதான் முதலில் துருப்பிடித்து மரத்தோடு ஒன்றிப்போகும். திருகும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாகவே இருக்கட்டும். பழைய கீல் ஒன்றைக் கழற்றிக் கையோடு கடைக்குக் கொண்டுபோங்கள். நீளம், அகலம், தகட்டின் கனம் மூன்றும் ஒத்துப்போனால் நிலையில் ஏற்கெனவே இருக்கும் கீல் வெட்டையே பயன்படுத்தலாம். பாதி வேலை குறையும்.

மாட்டுவதற்கு முதல் நாள்

கதவுக்கு ஆறு முகம். முன், பின், இரண்டு பக்கம், தலை, அடி. தலையும் அடியும் யார் கண்ணிலும் படுவதில்லை என்பதால் அங்கே யாரும் பெயிண்ட் அடிப்பதில்லை. மாட்டிய பிறகு அடிக்கவும் முடியாது. வெளிக்கதவு அழுகுவது அடி விளிம்பிலிருந்துதான். நாங்கள் கூலி கொடுத்து மாட்டிய ஒரு கொல்லைக் கதவைக் கழற்றிப் பார்த்தபோது அடிப்பக்கம் பச்சை மரமாகவே இருந்தது, ஒரு கோட்டுகூட அடிக்கவில்லை. இரண்டாவது மழைக்கே கீழ்ப்பிளை பூவாக விரிந்திருந்தது.

அதனால் மரக் கதவோ ஃப்ளஷ் கதவோ எதுவானாலும் அடி விளிம்பிலும் தலை விளிம்பிலும் ப்ரைமர் இரண்டு கை, எனாமல் ஒரு கை அடித்துக் காயவிடுங்கள். இது ஒரு நாள் வேலை. மறுநாள் பொருத்தும்போது எங்காவது இழைக்க நேர்ந்தால் அந்த இடத்தில் மறுபடி ப்ரைமர் தொட்டுவிட வேண்டும். வாங்குவது கடையிலேயே அளவுக்கு அறுத்துத் தந்த கதவாக இருந்தாலும் அறுத்த விளிம்பைத் தடவிப் பாருங்கள்.

பழைய திருகுகளையும் அன்றே ஒவ்வொன்றாகத் தளர்த்தி, திரும்ப இறுக்கி வைத்துக்கொள்ளுங்கள். பல கோட்டு பெயிண்டில் மூடிப்போன திருகின் தலையைச் சுரண்டி, ஸ்க்ரூடிரைவரை அதில் வைத்துச் சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டி, அப்புறம் திருப்பினால் அசையும். அசையாததற்கு எண்ணெய் விட்டு இரவு முழுக்க ஊறவிடலாம். எது முரண்டு பிடிக்கும் என்று முதல் நாளே தெரிவது பெரிய நிம்மதி.

மாட்டும் நாள்

காலை எட்டு மணிக்குத் தொடங்குங்கள். மழை வரும்போல் இருந்தால் தள்ளிப்போடுங்கள்.

பழைய கதவைக் கழற்றும்போது அடியில் ஆப்பு கொடுத்துத் தாங்கிக்கொண்டு, கீழ்க் கீலில் தொடங்கி மேல் கீலைக் கடைசியாகக் கழற்ற வேண்டும். மேலே முதலில் கழற்றினால் கதவு ஆளின் மீது சாயும்.

புதுக் கதவை நிலைக்குள் நிறுத்திப் பாருங்கள். அடியில் இரண்டு ஆப்பு. மேலேயும் பக்கத்திலும் இடைவெளி வைக்க நான் 1 மி.மீ. மைக்கா (அலமாரி, மேசை மேல் ஒட்டும் தகடு) துண்டுகளை மூன்று மூன்றாக அடுக்கிச் செருகுவேன். அதைவிட மலிவான அளவுகோல் இல்லை. எங்கே இறுக்கமாக இருக்கிறதோ அங்கே பென்சிலால் கோடு போட்டு, கதவை எடுத்துப் படுக்க வைத்து இழையுங்கள். விளிம்பின் மூலையை நோக்கி வெளியே இழைத்தால் மரம் சிம்பு சிம்பாகப் பெயரும், மூலையிலிருந்து உள்நோக்கி இழைக்க வேண்டும். தாழ்ப்பாள் பக்க விளிம்பை நேராக விடாமல், ரிபேட்டில் போய் உட்காரும் முகத்தின் பக்கம் 2 மி.மீ. சரிவாக இழைத்துவிடுங்கள். கதவு வளைந்து வருவதால் அந்த மூலைதான் முதலில் நிலையில் உரசும்.

எல்லாப் பக்கமும் இடைவெளி சரியானதும், கதவு நின்றபடி இருக்கும்போதே நிலையில் உள்ள கீல் வெட்டுகளின் மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் கதவுக்குக் கோடாகக் கடத்திக்கொள்ளுங்கள். டேப் வைத்துத் தனியாக அளந்து குறிக்கவே வேண்டாம், அதில்தான் பிழை வரும். பழைய வெட்டு இல்லையென்றால் மேல் கீல் தலையிலிருந்து 7 அங்குலத்திலும், கீழ்க் கீல் அடியிலிருந்து 10 அங்குலத்திலும், மூன்றாவது நடுவிலும் வரட்டும்.

இனி உளி வேலை. புதியவர்கள் தடுமாறும் இடம் இதுதான், அவசரப்படாதீர்கள். கீலை வைத்துக் கத்திமுனையால் சுற்றிக் கோடு கீறுங்கள். பென்சில் கோடு தடிமனாக இருக்கும், கத்திக் கோடுதான் உளிக்கு வழிகாட்டும். அந்தக் கோட்டில் உளியைச் செங்குத்தாக வைத்துக் கொட்டாப்புளியால் மெல்லத் தட்டி, கீல் தகட்டின் கனம் எவ்வளவோ அவ்வளவுதான் இறக்க வேண்டும். அப்புறம் குறுக்கே நெருக்க நெருக்கமாக வெட்டுப் போட்டு, பக்கவாட்டிலிருந்து சீவி எடுங்கள். இன்னொரு கை உளிக்கு முன்னால் இருக்கவே கூடாது. கீலை வைத்துத் தடவினால் மரமும் தகடும் ஒரே மட்டமாகக் கைக்குத் தெரிய வேண்டும்.

வெட்டு ஆழமாகிப் போனால், கதவு கடைசி அங்குலத்தில் மூடாமல் ஸ்பிரிங் போல் திருப்பித் தள்ளும். பயப்பட வேண்டாம். கீலுக்கு அடியில் ஒரு மைக்கா துண்டை வைத்து மறுபடி திருகினால் போதும். வெட்டு போதாமல் கீல் துருத்தினால் கீல் பக்கம் இடைவெளி அகலமாகி எதிர்ப்பக்கம் உரசும்.

ஒவ்வொரு திருகுக்கும் முன்துளை போட வேண்டும், திருகின் மரையை விட்டுவிட்டு நடுத்தண்டின் கனத்துக்கு. திருகில் சோப்பைத் தேய்த்துக்கொண்டால் சுலபமாக இறங்கும். முதலில் கதவில் மூன்று கீலையும் பொருத்துங்கள். பிறகு ஒருவர் ஆப்பின் மேல் கதவைத் தாங்கிப் பிடிக்க, மற்றவர் மேல் கீலில் ஒரே ஒரு திருகைப் போட்டு நிறுத்த வேண்டும். அப்புறம் கீழ்க் கீலில் ஒன்று, நடுவில் ஒன்று. மூன்று திருகோடு மெல்ல மூடித் திறந்து பாருங்கள். சரியாக வந்தால் மீதியைப் போடலாம். எல்லாத் திருகையும் முறுக்கிவிட்டுப் பார்த்தால், பிழை இருக்கும்போது அத்தனையும் கழற்ற வேண்டிவரும்.

நிலையில் பழைய துளைகள் பெரிதாகித் திருகு பிடிக்காமல் சுற்றினால் இரண்டு வழி. மரக் குச்சியில் பசை தடவி அடித்து அடைத்தால் காயும்வரை காத்திருக்க வேண்டும், வெளிக்கதவில் அதற்கு நேரமில்லை. நான் இரண்டு அங்குல நீளத் திருகைப் போட்டுவிடுவேன். அது சேதமில்லாத மரத்தைப் போய்ப் பிடித்துக்கொள்ளும்.

தாழ்ப்பாள்களில் உள்பக்க டவர் போல்ட் சுலபம். வெளியே பூட்டுப் போடும் ஆல்ட்ராப்பை வெறும் திருகில் நிறுத்தாதீர்கள், வெளியிலிருந்து எவரும் கழற்றிவிடலாம். கதவைத் துளைத்து உள்பக்கம் நட்டு வரும்படி போல்ட் போட்டுக்கொள்ளுங்கள். கதவின் விளிம்பைக் குடைந்து பதிக்கும் மார்டைஸ் பூட்டை முதல் முயற்சியில் தொட வேண்டாம். குடைவது கொஞ்சம் அதிகமானாலும் அந்த இடத்தில் கதவு பலம் இழந்துவிடும். பூட்டுக்கு மட்டும் ஆசாரியை ஒரு மணி நேரம் கூப்பிட்டால் போதும்.

மாடிக் கதவு வெளிப்பக்கம் திறப்பதாக இருந்தால் கீலின் ஊசி வெளியே தெரியும். ஊசியை உருவ முடியாத கீலாக வாங்க வேண்டும். கதவின் வெளிப்பக்க அடியில் ஒரு சரிவுப் பட்டையை ஒட்டினால் வழிந்து வரும் மழைநீர் படிக்கு அப்பால் சொட்டும். நிலைக்கும் சுவருக்கும் நடுவே விரிசல் இருந்தால் சிலிகான் அடைத்துவிடுங்கள்.

ஆசாரிக்குக் கொடுக்கும்போது

நல்ல ஆசாரி யாரென்று மரக்கடையில் கேட்டால் தெரியும். பெயரை வாங்கியதும், அவர் இரண்டு வருஷத்துக்கு முன்னால் மாட்டிய கதவு ஒன்றை நேரில் போய்ப் பாருங்கள். போன மாதம் மாட்டியது எல்லாமே அழகாகத்தான் இருக்கும். இரண்டு மழைக்காலம் பார்த்த கதவு விரலால் தள்ளினால் மூடுகிறதா, தாழ்ப்பாள் போடக் கதவைத் தூக்கிப் பிடிக்க வேண்டியிருக்கிறதா என்று பார்த்தால் அவர் வேலை தெரிந்துவிடும்.

மரம் நீங்கள் வாங்கிக் கொடுப்பதா, அவரே வாங்குவதா என்பதை முதலில் பேசிக்கொள்ளுங்கள். ஆசாரியைக் கூட்டிக்கொண்டு போய் நாமே வாங்குவதுதான் எனக்குப் பிடித்த வழி. மரம் பார்க்கும் கண் அவருடையது, கணக்கு நம்முடையது. கன அடிக் கணக்கு சுலபம்: நீளத்தை அடியிலும், அகலத்தையும் கனத்தையும் அங்குலத்திலும் வைத்துப் பெருக்கி 144-ஆல் வகுக்க வேண்டும். 7 அடிக்கு மூன்றரை அடி நிலைக்கு நான்கு பக்கமும் சேர்த்து 21 அடி. 5-க்கு 3 அங்குலச் சட்டம் என்றால் 21 × 5 × 3 ÷ 144, சுமார் 2.2 கன அடி. அதையே 5-க்கு 4 ஆக்கினால் 2.9. சேதாரத்துக்குக் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளுங்கள். பில்லில் வரும் அளவு இதைவிட வெகுவாகக் கூடினால் நின்று கேளுங்கள்.

‘பர்மா தேக்கு’ என்று சொன்னாலும் எந்த ஊர் மரம் என்று கேட்பது நல்லது. மியான்மர் 2014 ஏப்ரலிலிருந்து உருட்டு மரமாக ஏற்றுமதி செய்வதை நிறுத்தியது. ஆப்பிரிக்காவிலிருந்தும் தென்னமெரிக்காவிலிருந்தும் வரும் தோட்டத் தேக்கும் கடைகளில் இருக்கிறது. அதில் தவறொன்றுமில்லை, விலை அதற்கேற்றபடி இருக்க வேண்டும். இடித்த வீடுகளின் பழைய நிலை, கதவுகள் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளில் கிடைக்கின்றன. பல பத்தாண்டுகள் காய்ந்த மரம் புது மரத்தைப் போலச் சுருங்காது, முறுக்காது. அளவு ஒத்துவந்தால் யோசிக்கவே வேண்டாம்.

பலகை வைத்த கதவு செய்யச் சொன்னால் ஒன்றைக் கவனியுங்கள். சட்டத்துக்கு நடுவே வரும் பலகையைப் பசை போட்டு இறுக்கக் கூடாது. சட்டத்தின் பள்ளத்துக்குள் அது கொஞ்சம் தளர்வாக இருக்க வேண்டும். மழையில் பலகை விரிந்து, வெயிலில் சுருங்கிக்கொள்ள அந்த இடம் வேண்டும். ஒட்டிவிட்டால் கோடையில் பலகை நடுவில் பிளக்கும்.

புது நிலை வைக்கும் நாளில் நீங்கள் பக்கத்தில் இருங்கள். டைல்ஸ் போட்ட பிறகு தரை எங்கே வரும் என்பதைச் சுவரில் கோடு போட்டுக் காட்டிவிடுங்கள். கலவையும் டைல்ஸுமாகச் சேர்த்து இரண்டு அங்குலம் உயரும். அதைக் கணக்கில் எடுக்காமல் வைத்த வாசற்படி தரையோடு புதைந்துவிடும். நிலையின் முதுகுப்பக்கம், அதாவது சுவருக்குள் போகும் பக்கம், கரையான் மருந்தும் ப்ரைமரும் அடித்திருக்க வேண்டும். பக்கத்துக்கு மூன்று ஹோல்ட்பாஸ்ட் இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள்.

நிலைவாசல் பூஜை இருந்தால் வேலையை இரண்டாகப் பிரிக்கச் சொல்வேன். நல்ல நேரத்தில் நிலையை நிறுத்தி, மஞ்சள் குங்குமம் வைத்து, மாவிலை கட்டி, கும்பிட்டு முடிக்கட்டும். அதுவரை முட்டுக் கொடுத்து நிறுத்தினால் போதும். சொந்தக்காரர்கள் எல்லோரும் தொட்டுக் கும்பிட்டதில் நிலை கட்டாயம் கொஞ்சம் அசைந்திருக்கும். கூட்டம் கலைந்ததும் ஆசாரியும் கொத்தனாரும் தூக்குக்குண்டைத் திரும்பப் பிடித்துப் பார்த்து, குறுக்கு நூலும் கட்டிப் பார்த்து, அதற்கப்புறம்தான் ஹோல்ட்பாஸ்ட்டுக்குக் கான்கிரீட் போட வேண்டும். போட்ட பிறகு மூன்று நாள் முட்டுகளை எடுக்கக் கூடாது.

கூலி பேசும்போது எதெல்லாம் சேர்த்தி என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பழைய கதவைக் கழற்றுவது, பூட்டுக் குடைவது, பாலிஷ், மாட்டிய இடத்தைச் சுற்றிப் பூச்சு, இந்த நான்கில்தான் பின்னால் மனஸ்தாபம் வரும். பணத்தைத் தவணையாகக் கொடுங்கள். நிலை நின்றதும் ஒரு பகுதி, கதவு மாட்டியதும் ஒரு பகுதி. முதல் மழைக்குப் பிறகு ஒருமுறை வந்து பார்த்துத் தர வேண்டும் என்று தொடக்கத்திலேயே சொல்லி, கடைசியாக ஒரு சிறு தொகையை அதற்கென நிறுத்தி வைத்துக்கொள்வதில் நல்ல ஆசாரிகள் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

யார் மாட்டினாலும் சோதனை ஒன்றுதான். கதவைக் கால்வாசி, பாதி, முக்கால் என்று மூன்று இடத்தில் நிறுத்திப் பாருங்கள், விட்ட இடத்தில் நிற்க வேண்டும். சுற்றி இடைவெளி ஒரே சீராக இருக்கிறதா என்று மூன்று மைக்கா துண்டை ஓட்டிப் பாருங்கள். தாழ்ப்பாள் கதவைத் தூக்காமல், தள்ளாமல் நகர வேண்டும். இருட்டியதும் உள்ளே விளக்கைப் போட்டு, கதவைப் பூட்டிவிட்டு வெளியே வந்து நில்லுங்கள். எந்த மூலையில் வெளிச்சக் கோடு தடிமனாகத் தெரிகிறதோ அந்த வழியாகத்தான் ஐப்பசியில் சாரல் உள்ளே வரும். அந்த இடத்தைப் பென்சிலால் குறித்துவிட்டு உறங்கப் போங்கள், காலையில் ஒரு மைக்கா துண்டைக் கீலுக்கு அடியில் வைத்துச் சரிசெய்துகொள்ளலாம்.